பூங்காவில் டாங்கோ: உள்ளே இறங்கி ஆடலாமா, ஓரமாக நின்று பார்ப்பதோடு சரியா?

தென்கோளத்தான்

அலுவலக வேலையாகப் புவெனஸ் ஐரிஸ் வந்திருக்கிறேன். ஆண்டு முடியும்வரை இங்கேதான். குடியிருப்பது பெல்கிரானோ பகுதியில். ரயில் நிலையத்துக்கு எதிரே பர்ரான்காஸ் என்று ஒரு பூங்கா. பழைய ஆற்றங்கரை மேட்டின் சரிவில் அமைந்தது. அங்கே தூண்களும் கூரையுமாக, சுற்றிலும் திறந்த ஒரு வட்ட மண்டபம் இருக்கிறது. லா குளோரியேத்தா என்கிறார்கள். அந்தக் காலத்தில் வாத்தியக்குழு உட்கார்ந்து வாசிப்பதற்காகக் கட்டியதாம்.

மாலையில் அந்த வழியாகப் போனால் உள்ளே ஜோடி ஜோடியாக டாங்கோ ஆடுகிறார்கள். டிக்கெட் இல்லை, வாசலில் யாரும் நிறுத்துவதில்லை. நேற்று ஒரு பெரியவர் கடையிலிருந்து நேராக வந்திருக்க வேண்டும். கையில் துணிப்பை, அதிலிருந்து வெங்காயத்தாள் எட்டிப் பார்க்கிறது. பையைத் தூணோரம் சாய்த்துவிட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்து காலணியை மாற்றினார், நாலைந்து பாட்டுக்கு ஆடினார், மறுபடி பழைய காலணியைப் போட்டுக்கொண்டு பையோடு கிளம்பிவிட்டார். அவ்வளவுதான் சங்கதி.

பெங்களூரில் இருந்தபோது வார இறுதி வகுப்பில் அடிப்படைகளைக் கற்றிருக்கிறேன். உள்ளே போக ஆசை, கால் வரவில்லை. முன்பின் தெரியாத பெண்ணிடம் போய் எப்படிக் கேட்பது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மரகதம்

தம்பி, நான் பாரிஸில் பல கோடைகளாகச் சேன் ஆற்றங்கரையில் ஆடுகிறவள். உங்கள் மண்டபத்திலும் ஆடியிருக்கிறேன். தாராளமாகப் போகலாம். ஆனால் யாரிடமும் போய்க் கேட்காதீர்கள். அங்கே கேட்பது வாயால் நடப்பதில்லை.

தூரத்தில் நின்றபடியே, ஆட விரும்பும் பெண்ணைப் பாருங்கள். அவருக்கும் விருப்பம் இருந்தால் பார்வையை விலக்காமல் உங்களைப் பார்ப்பார். நீங்கள் லேசாகத் தலையசைக்க வேண்டும். அவரும் அசைத்தால் முடிந்தது. இதற்குக் கபெசேயோ என்று பெயர். விருப்பமில்லை என்றால் அவர் பார்வை வேறு பக்கம் போய்விடும். நீங்களும் வேறு பக்கம் பார்த்துக்கொள்ளலாம். மூன்றாம் மனிதருக்குத் தெரியவே தெரியாது. அழைப்பு கிடைத்த பெண் உடனே எழுந்து ஓடி வரமாட்டார். நீங்கள் எதிரில் வந்து நிற்கும்வரை இருந்த இடத்திலேயே இருப்பார். அந்தத் தலையசைப்பு பக்கத்தில் இருப்பவருக்காகவும் இருக்கலாம் அல்லவா?

பாட்டுகள் மூன்று நான்காகக் கோத்து வரும். அந்தக் கோவைக்குத் தாண்டா என்று பெயர். ஒரே ஆளோடு அந்தக் கோவை முழுவதையும் ஆடுவதுதான் வழக்கம். முடிந்ததும் சம்பந்தமே இல்லாத வேறொரு இசைத் துணுக்கு ஒலிக்கும். அப்போது எல்லாரும் களத்தைவிட்டு விலகிவிடுவார்கள். நடுவில், இரண்டாவது பாட்டின் முடிவிலே, 'கிராசியாஸ்' (நன்றி) என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். ஆட்டம் போதும், கிளம்புகிறேன் என்று எடுத்துக்கொள்வார்கள்.

எதிர்வாதி

படிக்கவே மலைப்பாக இருக்கிறது. பூங்கா மக்கள் வரியில் நடப்பது. அதில் பத்துப் பேர் கூடிக்கொண்டு 'இப்படிப் பார், அப்படித் தலையாட்டு, இதைச் சொல்லாதே' என்று சட்டம் போட்டால் மற்றவர்கள் ஏன் கட்டுப்பட வேண்டும்? கட்டணம் வாங்கும் கூடத்தில் ஆயிரம் விதி வைத்துக்கொள்ளட்டும். திறந்த வெளிக்கு வந்த பிறகுமா?

மரகதம்

யாரும் கட்டுப்படுத்துவதில்லை ஐயா. விதியை மீறினால் விரட்டவும் மாட்டார்கள். பூங்காவில் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடும்போது, பொது இடம்தானே என்று ஆடுகளத்தின் நடுவில் பாய் விரித்துப் படுப்பீர்களா? படுக்கலாம், சட்டம் தடுக்காது.

எனக்கென்னவோ திறந்த வெளியில்தான் இந்த ஒழுங்குகள் கூடுதலாகத் தேவை என்று படுகிறது. கூடத்தில் விருந்தாளியை உட்காரவைக்க ஆள் இருக்கிறார், மேசை இருக்கிறது, யார் புதியவர், யார் பழையவர் என்பது வீட்டுக்காரருக்குத் தெரியும். பூங்காவில் அதெல்லாம் கிடையாது. சைக்கிளில் வந்தவர், நாயோடு வந்தவர், கைக்குழந்தையைத் தூக்கி வந்தவர் என்று எல்லாரும் கலந்திருக்கும் இடத்தில் அறுபது ஜோடிக் கால்கள் மோதாமல் சுற்ற வேண்டும். இடஞ்சுழியாகத்தான் சுற்ற வேண்டும், முன்னால் போகிறவரை முந்தக் கூடாது, ஒரே இடத்தில் நின்று வித்தை காட்டக் கூடாது, குதிகாலை உயரே வீசக் கூடாது. இந்த நான்கும் இல்லாவிட்டால் முதல் அரை மணியிலேயே யாராவது ஒருவரின் முழங்காலைக் கூர்க்குதிகால் பதம் பார்த்துவிடும்.

தம்பிக்கு இன்னொன்று. பாட்டு நடுவில் களத்துக்குள் நுழையும்போது, எதிரே வரும் ஜோடியில் வழிநடத்துகிறவரின் கண்ணைப் பார்த்து அனுமதி வாங்கிக்கொண்டு காலை வையுங்கள். அங்குள்ள பெரியவர்கள் இந்த ஒன்றை வைத்தே ஆளை எடை போட்டுவிடுவார்கள்.

வேம்பு

இழையை மௌனமாகப் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு சந்தேகம், கோபித்துக்கொள்ள வேண்டாம். பேர் தெரியாத ஒருவரை நாலு பேர் பார்க்க மார்போடு அணைத்துக்கொண்டு ஆடுவது கலையா? நம் வீட்டுப் பெரியவர்கள் பார்த்தால் என்ன சொல்வார்கள்?

பழைய இசைத்தட்டு

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதைத்தான் ஜெர்மானியப் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்மும் சொன்னார். 1913-இல் தம் அதிகாரிகள் சீருடையில் டாங்கோ ஆடக் கூடாது என்று தடை போட்டார். புவெனஸ் ஐரிஸின் மேட்டுக்குடியே இதைக் கீழ்த்தெருச் சங்கதி என்றுதான் முதலில் ஒதுக்கிவைத்திருந்தது. பாரிஸ் தலையில் தூக்கிவைத்து ஆடிய பிறகுதான் சொந்த ஊர்ப் பணக்காரர்களுக்கும் அது கண்ணில் பட்டது. 2009-இல் யுனெஸ்கோ, அர்ஜென்டினாவும் உருகுவேயும் சேர்ந்து விண்ணப்பித்ததை ஏற்று, மரபுப் பட்டியலில் சேர்த்துவிட்டது. வெட்கப்பட இனி நேரமில்லை.

திறந்த வெளி ஏதோ இந்தக் காலத்து இறக்கம் என்பதுபோல் ஒரு தொனி இழையில் இருக்கிறது. இதுவும் சரியில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் இத்தாலியிலிருந்தும் ஸ்பெயினிலிருந்தும் கப்பல் கப்பலாக வந்து இறங்கியவர்களும், ஏற்கெனவே அங்கிருந்த ஆப்பிரிக்க வம்சாவளியினரும் நெருக்கியடித்து வாழ்ந்த ஊர் அது. ஒண்டுக்குடித்தன வீடுகளின் நடு முற்றம், கைப்பெட்டி வாத்தியக்காரன் வந்து நிற்கும் தெருமுனை, இவைதான் அந்த ஏழைகளுக்கு ஆடுகளம். 1940-களில் கார்னிவல் நாள்களில் கால்பந்து கிளப்புகளின் மைதானங்களில் பெரிய வாத்தியக்குழுக்கள் வாசிக்க, ஆயிரக்கணக்கில் கூடி ஆடினார்கள். மெழுகுபோட்ட மரத்தரையும் மங்கல் வெளிச்சமும்தான் அசல் என்று நினைப்பது பாதி உண்மை. 1976 முதல் 1983 வரை ராணுவ ஆட்சி. நாலு பேர் கூடினாலே சந்தேகப்பட்ட காலம். சமூக நடனம் ஏற்கெனவே தேய்ந்துகொண்டிருந்தது. அப்போது இன்னும் ஒடுங்கியது. இன்று பூங்காவில் யாருடைய அனுமதியையும் எதிர்பார்க்காமல் கூடி ஆடுகிறார்கள் என்றால் அதை நான் அலட்சியமாகப் பார்க்கமாட்டேன்.

இனி இசை. என் பைத்தியம் அதுதான், பொறுத்துக்கொள்ளுங்கள். மிலோங்காக்களில், அதாவது டாங்கோ ஆடக் கூடும் இடங்களில், பெரும்பாலும் ஒலிப்பது 1935 முதல் 1955 வரை பதிவான இசைத்தட்டுகள். பழைய தட்டில் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய மூன்று நிமிடம்தான் அடங்கும். ஆகவே ஒரு கோவை என்பது பன்னிரண்டு நிமிடச் சமாசாரம். அந்தப் பதிவுகளைச் சுவர் இல்லாத இடத்தில் ஒலிபெருக்கியில் போட்டால் என்ன ஆகும்? கீழ்ச்சுரங்கள் காற்றோடு போய்விடும். வயலின் மட்டும் கீச்சென்று காதில் நிற்கும். அதனால் அனுபவமுள்ளவர்கள் வெளியில் வாத்தியக்குழுத் தலைவர் ஹுவான் தாரியென்சோவை நிறையப் போடுவார்கள். அவரைத் தாளத்தின் அரசர் என்பார்கள். 1935-இன் கடைசியில் பியானோக்காரர் ரொடோல்ஃபோ பியாஜி அவர் குழுவில் சேர்ந்த பிறகு ஒவ்வோர் அடியும் சுத்தியலால் அடித்ததுபோல் விழும். பேருந்து இரைச்சலையும் மீறிக் கேட்கும். ஓஸ்வால்தோ புல்யேசேயைப் போட்டால் கதை வேறு. அவர் இசையின் உயிரே, சட்டென்று இழுத்து நிறுத்தும் அந்த இடைவெளிகளில்தான் இருக்கிறது. சரியாக அந்த நொடியில் சிக்னலில் நிற்கும் மோட்டார் சைக்கிள் உறுமும். (புல்யேசே கம்யூனிஸ்ட். அவரைச் சிறையில் அடைத்த நாள்களில் பியானோமேல் ஒரு சிவப்புக் கார்னேஷன் பூவை வைத்துவிட்டு மற்றவர்கள் வாசித்தார்கள். தலைப்புக்கு வெளியே போகிறேன், நிறுத்திக்கொள்கிறேன்.)

எல்ம் நிழல்

நியூயார்க்கிலிருந்து. சென்ட்ரல் பார்க்கில், மால் என்கிற அகன்ற நடைபாதையின் தென்கோடியில் ஷேக்ஸ்பியர் சிலை இருக்கிறது, 1872-இல் வைத்தது. கோடையில் சனிக்கிழமை மாலைகளில் அதைச் சுற்றித்தான் எங்கள் டாங்கோ. குதிரைவண்டிச் சவாரிக்காரர்கள், குல்ஃபி நக்கும் குழந்தைகள், திருமண உடையில் படம் எடுத்துக்கொள்ளும் ஜோடி என்று எல்லாரும் நின்று பார்ப்பார்கள்.

இசைத்தட்டு ஐயா 'அனுமதி எதிர்பார்க்காமல்' என்று எழுதியதால் சொல்கிறேன்: இங்கே அது நடக்காது. இந்நகரப் பூங்காக்களில் 20 பேருக்கு மேல் கூடும் நிகழ்ச்சிக்கு முன் அனுமதி வேண்டும். ஒலிபெருக்கி வைத்தால் அந்தப் பகுதிக் காவல் நிலையத்தில் தனியாகச் சீட்டு வாங்க வேண்டும். வெளியே பார்க்கிறவருக்கு ஏதோ தற்செயலாகக் கூடிய கூட்டம் மாதிரித் தெரியும். பின்னால் யாரோ ஒருவர் படிவம் நிரப்பி, பேட்டரிக்கு மின்னேற்றி, ஒலிபெருக்கியைத் தள்ளுவண்டியில் உருட்டிக்கொண்டு வந்து, முடிந்ததும் திருப்பி உருட்டிக்கொண்டு போகிறார். 'இலவசம்' என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் அந்த ஆளைக் கண்டுகொள்வதில்லை. காசு போடச் சொல்லித் தொப்பி சுற்றிவரும்போது செல்பேசியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவர்களை எனக்குத் துளியும் பிடிக்காது. அதே ஆட்கள் நடந்துவரும் வழியில் காபிக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்பதும் தெரியும்.

தென்கோளத்தாருக்கு ஓர் உபரிச் செய்தி. உங்கள் பர்ரான்காஸ் பூங்காவில் குட்டிச் சுதந்திர தேவி சிலை ஒன்று இருக்கும், பாருங்கள். எங்கள் ஊர்ச் சிலையை வடித்த பார்த்தோல்தியின் படைப்புதான் அதுவும். 1886 அக்டோபரில் எங்கள் ஊர்ச் சிலைக்குச் சில வாரங்கள் முன்பே திறந்துவிட்டார்கள். எங்கள் ஊர்க்காரர்களிடம் சொன்னால் நம்பமாட்டார்கள்.

எதிர்வாதி

எல்லாரும் ஒரு விஷயத்தை நாசூக்காகத் தாண்டிப் போகிறீர்கள். அந்தத் தலையாட்டல் முறையில் புதியவனை யார் பார்ப்பார்கள்? அறிமுகமானவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். நான் ஒரு முறை ஐரோப்பிய நகரம் ஒன்றில் இப்படி ஒரு பூங்காவில் முழு மாலையும் நின்றிருக்கிறேன். ஒரு கண்கூட என் பக்கம் திரும்பவில்லை. நாவால் கேட்டிருந்தால் 'வேண்டாம்' என்ற ஒரு சொல்லாவது மனிதச் சொல்லாகக் கிடைத்திருக்கும். தோல் நிறமும் இதில் கணக்கில் வராது என்று யாரும் சத்தியம் செய்ய வேண்டாம்.

கார்த்திகைப்பூ

எதிர்வாதி சொல்வதில் கடைசி வரியை நான் மறுக்கமாட்டேன். நானும் நின்றிருக்கிறேன். பெண்களுக்கு இன்னும் கொஞ்சம் மோசம்: பெரும்பாலான இடங்களில் வழிநடத்தும் ஆண்கள் குறைவு, காத்திருக்கும் பெண்கள் அதிகம். இருபது வயதுப் பெண் ஒருத்தி வந்து நின்றால், இருபது ஆண்டாக ஆடுகிறவள் படிக்கட்டில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

ஆனாலும் கபெசேயோவை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வராது. காரணம் சொல்கிறேன். எதிரே வந்து கை நீட்டி நிற்கும் ஆளிடம் முடியாது என்று சொல்வது பெண்ணுக்கு எவ்வளவு கடினம் என்பது கேட்கிற ஆணுக்குத் தெரிவதில்லை. சங்கடத்துக்காக எழுந்துவிடுவோம், அதன்பின் பன்னிரண்டு நிமிடம் அணைப்பில் மாட்டிக்கொள்வோம். வியர்வை, மது நெடி, இடுப்பில் தேவைக்கு மேல் அழுத்தும் கை, ஆடிக்கொண்டே பாடம் நடத்தும் வாய். பூங்காவில் இது கூடுதல். யார் வேண்டுமானாலும் வரலாம் இல்லையா? பார்வையை விலக்கிக்கொள்ளும் உரிமை இருப்பதால்தான் தெரியாத ஊரில் தனியாகப் போய் என்னால் ஆட முடிகிறது. மனிதச் சொல் வேண்டும் என்கிறீர்கள் ஐயா. அந்தச் சொல்லைச் சொல்கிற பாரம் யார் தலையில் விழுகிறது?

வெளியில் இந்த முறை சரியாக நடப்பதில்லை என்பதும் உண்மை. விளக்கு உச்சியில் தொங்கினால் கண் இருக்கும் இடம் இருட்டாகிவிடும்; நெற்றி மட்டும் தெரியும். அதனால் நான் விளக்கைப் பார்த்தபடி நிற்கும் இடமாகத் தேர்ந்தெடுப்பேன். முகம் தெரியும். எதிர்வாதி அன்று எங்கே நின்றாரோ! கேலிக்குச் சொல்லவில்லை.

எதிர்வாதி

மரத்தடியில்தான் நின்றேன். ஆனால் அதனால் மட்டும்தான் என்று நான் ஏற்கவில்லை.

கார்த்திகைப்பூ

ஏற்க வேண்டாம். நானும் முழுக்க அப்படிச் சொல்லவில்லை.

தென்கோளத்தான்

விவாதம் சூடாகப் போகிறது. நடுவில் சில்லறைக் கேள்வி. காலணி எது? தோல் அடிப்பாகம் வைத்த நடனக் காலணி இருக்கிறது. சிமெண்டிலும் கல்லிலும் தேய்த்து வீணாக்க மனமில்லை. வகுப்பில் மரத்தரையில் வழுக்கிக்கொண்டு திரும்பினது இங்கே வருமா?

மரகதம்

ஆடமாட்டாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்பார்கள். பூங்காவில் கூடம் உண்மையிலேயே கோணல்தான், அதைச் சொன்னால் தப்பில்லை.

நாங்கள் ஆடும் கே சேன் பெர்னாரில், ஆற்றை நோக்கி இறங்கும் சின்னச் சின்ன அரைவட்ட அரங்குகள். ஒன்றில் டாங்கோ, அடுத்ததில் சல்சா, அதற்கும் அப்பால் வேறு ஏதாவது. கல்தரை. காலை ஊன்றித் திருப்பினால் பாதம் வராது, முழங்கால் மட்டும் திரும்பும். அங்கேதான் வினை. எடையை முன்பாதத்துக்கு ஏற்றி, குதிகாலை ஒரு தாள் அளவுக்கு எடுத்துவிட்டுத் திரும்ப வேண்டும். அதைவிட நல்லது, திருப்பங்களைக் குறைத்துவிட்டு நடப்பது. டாங்கோவில் நடைதான் முதலும் கடைசியும். எட்டு வடிவத்தில் பெண்ணைச் சுழற்றி எடுக்கும் சரக்குகளை மரத்தரைக்கு வைத்துக்கொள்ளுங்கள். நடக்கத் தெரிந்தவரோடு ஒரு கோவை ஆடிவிட்டால் மற்றதெல்லாம் மறந்துபோகும். என் சொந்த விருப்பு இது, வாதத்துக்கு வரவேண்டாம்.

நல்ல காலணியை வீட்டில் வைத்துவிடுங்கள். அடிப்பாகம் தேய்ந்த பழைய ஜோடி இருந்தால் அதுதான் பூங்காவுக்கு உகந்தது. ரப்பர் அடி பிடித்து இழுக்கும். சிலர் முன்பாதத்துக்குக் கீழே துணிப்பட்டை ஒட்டிக்கொள்கிறார்கள், அதுவும் நடக்கும். பெண்களில் பலர் மெல்லிய கூர்க்குதிகாலைக் கல்லிடுக்குக்குப் பயந்து தவிர்த்துவிட்டு, தட்டையான காலணியில்தான் வருகிறார்கள். யாரும் முகம் சுளிப்பதில்லை.

எல்ம் நிழல்

முழங்காலைப் பற்றி அக்கா சொன்னதைத் தடித்த எழுத்தில் போடலாம். எங்கள் கும்பலில் இருவர் கோடை முடிவதற்குள் மருத்துவரிடம் போய்விட்டார்கள்.

தென்கோளத்தான்

போய்வந்தேன். மிலோங்கா தொடங்குவதற்கு முன்பு அங்கேயே ஒரு வகுப்பு நடக்கிறது; அதில் முதலில் சேர்ந்துகொண்டேன். வகுப்பில் மாறி மாறி ஆடியதால் நாலு முகம் பழகிவிட்டது. பிறகு விளக்கு விழும் பக்கமாக நின்றேன் (நன்றி கார்த்திகைப்பூ). வகுப்பில் வந்த ஓர் அம்மாள், அறுபதைத் தாண்டியிருப்பார், நேராகப் பார்த்தார். தலையசைத்தேன்.

எனக்குப் புதிதாக இருந்தது இது: அடுத்த பாட்டு தொடங்கிய பிறகும் யாரும் உடனே ஆடுவதில்லை. களத்தின் நடுவில் நின்றபடியே ஊர்க்கதை பேசுகிறார்கள். பாட்டு கொஞ்ச தூரம் போன பிறகு ஒருவர், பிறகு இன்னொருவர் என்று கைகோக்கிறார்கள். நான் முதல் சுரத்திலேயே பாயப் பார்த்தேன். அந்த அம்மாள் சிரித்துவிட்டு, எந்த ஊர், என்ன வேலை என்று விசாரிக்கத் தொடங்கினார். பாதிப் பாட்டுக்குப் பிறகுதான் நகர்ந்தோம். தாரியென்சோவா என்று கேட்டேன். இல்லையாம், தி சார்லி என்பவரின் குழு. இசைத்தட்டு ஐயாவின் கணிப்பு இந்த ஊரில் எடுபடவில்லை.

எதிர்வாதி அவர்களுக்கு: பின்னால் ஒரு மணி நேரம் யாரும் பார்க்கவில்லை. அதையும் எழுதிவிடுகிறேன்.

பழைய இசைத்தட்டு

தி சார்லியா! அந்த வயலின்களை வெளியில் போடுகிறவருக்கு நல்ல ஒலிபெருக்கி கிடைத்திருக்க வேண்டும். அல்லது மண்டபத்தின் கூரை கொஞ்சம் தாங்கிப் பிடிக்கிறதோ என்னவோ. இரவு கடைசிவரை இருந்தீர்களா? கும்பர்சீத்தா என்ற டாங்கோ ஒலித்தால் அதற்குமேல் பாட்டு கிடையாது என்று பொருள். உருகுவேயின் தலைநகர் மொண்டெவிடியோவின் கஃபே ஒன்றில் முதன்முதலாக வாசித்தது. எழுதிய மாத்தோஸ் ரொத்ரீகஸ் அப்போது கட்டடக்கலை மாணவர்.

எதிர்வாதி

ஒரு மணி நேரம் நின்றதை மறைக்காமல் எழுதியதற்கு நன்றி. வகுப்பில் முதலில் சேர்வது நல்ல யோசனைதான். அதை விதிப்பட்டியலுக்கு முன்னால் யாராவது சொல்லியிருக்கலாம்.

தென்கோளத்தான்

கடைசிவரை இருக்கவில்லை, மறுநாள் காலை அலுவலகம். வெள்ளிக்கிழமை மழை வரும் என்கிறார்கள். கூரை இருக்கிறதே, நடக்குமா?

மரகதம்

எங்கள் ஆற்றங்கரையில் கூரையே இல்லை. தூறல் விழுந்தால் கல் வழுக்கும், கடையைக் கட்டிவிடுவோம். உங்கள் மண்டபத்துக்குக் கூரை உண்டு, சுவர் இல்லை. சாரல் அடித்தால் வெளிவட்டம் நனையும், ஒலிபெருக்கிக் கம்பியும் நனையும். நடத்துகிறவர்கள்தான் முடிவெடுப்பார்கள். அவர்களுடைய சமூக வலைப்பக்கத்தைக் கிளம்புவதற்கு முன்பு பார்த்துவிடுங்கள். தொப்பியில் போடச் சில்லறை எடுத்துப் போங்கள்.